ஸ்டேக்கில் ஒரு சுவிட்ச் செத்தால்: புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு

ஐப்பசி, கார்த்திகையில் இடிமின்னல் தொடங்கிவிட்டால் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் நெட்வொர்க் வேலை செய்பவர்களின் போன் ஓயாது. "இரண்டாம் மாடியில மட்டும் நெட் இல்ல, மற்ற எல்லாம் ஓடுது" என்று ஒருவர் சொன்னால், அங்கே ராக்கில் இருப்பது ஸ்டேக் என்றால், அதில் ஒரு சுவிட்ச் விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். தனிச் சுவிட்சை மாற்றிப் பழகியவர் அதே கையோடு ஸ்டேக்கைத் தொட்டால், நன்றாக ஓடிய மாடிகளையும் சேர்த்து நிறுத்திவிடுவார்.

ஸ்டேக் என்பது பல சுவிட்ச்களைப் பின்பக்கக் கேபிளால் வளையமாகக் கோத்து, ஒரே சுவிட்சாக ஆக்குவது. ஐபி முகவரி ஒன்று, கொன்பிக் (அமைப்புக் கட்டளைகள்) ஒன்று. ஒன்று ஆக்டிவ் (எல்லாவற்றையும் நடத்துவது), ஒன்று ஸ்டாண்ட்பை (ஆக்டிவ் விழுந்தால் பொறுப்பேற்பது), மற்றவை மெம்பர். ஆகவே செத்த சுவிட்சின் கொன்பிக் அதோடு சாகவில்லை. அது ஆக்டிவிடம் பத்திரமாக இருக்கிறது. புதிய சுவிட்சில் நீங்கள் விலானோ (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) போர்ட் அமைப்போ எழுத வேண்டியதில்லை. செய்ய வேண்டியவை இரண்டுதான்: புதியதை ஸ்டேக் ஏற்றுக்கொள்ளும் நிலைக்குக் கொண்டுவருவது, அது உள்ளே வரும்போது "நான்தான் ஆக்டிவ்" என்று போட்டிக்கு நிற்காமல் பார்த்துக்கொள்வது.

உதாரணத்துக்கு மூன்று சுவிட்ச் கொண்ட ஒரு ஸ்டேக்கை எடுப்போம். சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9300, 48 போர்ட், பிஓஈ (நெட் கேபிள் வழியே கருவிக்குக் கரண்ட் கொடுக்கும் வசதி) உள்ளது. 1 ஆக்டிவ், 2 ஸ்டாண்ட்பை, 3 மெம்பர். அப்லிங்க் (மேலுள்ள நெட்வொர்க்கோடு இணைக்கும் கேபிள்) இரண்டு, ஒன்று 1இலும் மற்றது 2இலும் செருகி, ஈதர்சேனலாக, அதாவது ஒரே இணைப்பாக, கட்டியிருக்கிறது. செத்தது 2. கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். கீபோர்டில் அடிப்பது வழக்கமான ஆங்கிலத்தில்தான்.

செத்தது உண்மையிலே சுவிட்ச்தானா?

விளக்கு இல்லை என்றதும் புதிய சுவிட்ச் கேட்டுக் கொழும்புக்கு அடிக்காதீர்கள். 9300இல் பவர் சப்ளை தனியாகக் கழரும். பக்கத்துச் சுவிட்சில் இரண்டு பவர் சப்ளை இருந்தால் ஒன்றைக் கழற்றி இதில் போட்டுப் பாருங்கள். அதற்கு முன் வயரையும் யூபிஎஸ் அவுட்லெட்டையும் மாற்றிப் பாருங்கள். கல்லடி, காத்தான்குடி, ஒலுவில் போன்ற கடற்கரைப் பக்கங்களில் உப்புக்காற்று பிளக் முனையைப் பச்சையாக்கிவிடும். வயரை ஆட்டினால் விளக்கு வந்து போகும். மூடி போடாத பவர் சப்ளை குழிக்குள் பல்லி புகுந்து ஷோர்ட் ஆவதும் நம் ஊரில் புதினமல்ல. காலியான குழிகளுக்கு மூடி போடச் சொல்வது அழகுக்காக அல்ல.

விளக்கு எரிந்தும் ஸ்டேக்கில் இல்லை என்றால் கொன்சோல் கேபிளைச் செருகி (9600, 8, பரிட்டி இல்லை, 1) திரையில் என்ன வருகிறது என்று பாருங்கள். பூட் ஆகி நடுவில் நிற்கிறதென்றால் இமேஜ் (சுவிட்சின் மென்பொருள் கோப்பு) கெட்டிருக்கலாம். அதை யூஎஸ்பியால் மீட்கலாம். எதுவுமே வரவில்லை என்றால்தான் மாற்றும் வேலை.

ஆக்டிவில் நுழைந்து "ஷோ சுவிட்ச்" அடித்தால் 2இன் வரியில் ரிமூவ்ட் (நீங்கியது) என்றோ புரொவிஷன்ட் (இடம் ஒதுக்கப்பட்டது) என்றோ இருக்கும். அந்த வரி அங்கே இருப்பதுதான் உங்கள் உயிர்நாடி. சிலர் "இல்லாத சுவிட்ச் எதுக்கு" என்று "நோ சுவிட்ச் 2 புரொவிஷன்" அடித்துத் துப்புரவாக்குவார்கள். அந்த நொடியே 2/0/1 தொடங்கி 2/0/48 வரையான போர்ட் கொன்பிக் முழுவதும் அழியும். மேலே "ரைட் மெமரி"யும் அடித்துவிட்டால், பழைய பேக்கப் இல்லாதவர் 48 போர்ட்டையும் ஞாபகத்திலிருந்துதான் எழுத வேண்டும். தொடாதீர்கள்.

இப்போதே எடுத்து வைக்க வேண்டியவை: ரன்னிங் கொன்பிக்கின் ஒரு பிரதி, "ஷோ வேர்ஷன்", "ஷோ இன்வென்டரி", "ஷோ சுவிட்ச் ஸ்டேக்-போர்ட்ஸ் சமரி", "ஷோ ஈதர்சேனல் சமரி". எல்லாவற்றையும் ஒரு டெக்ஸ்ட் பைலில் சேமித்துவிடுங்கள். இன்வென்டரியில் செத்த சுவிட்ச் தெரியாது. அதன் மொடலையும் சீரியல் இலக்கத்தையும் பெட்டியின் லேபலிலிருந்து படம் எடுக்க வேண்டும்.

சாமான் வரும் வரை

மட்டக்களப்பிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். இன்று சொன்னால் நாளைக் காலை வரலாம். வாரக் கடைசியென்றால் மூன்று நாள். அதுவரை அவசியமானவற்றை, அதாவது வயர்லெஸ் ஆக்சஸ் பொயின்ட், சிசிடிவி ரெக்கோடர், கணக்குப் பகுதியின் கணினி போன்றவற்றை, 1இலும் 3இலும் காலியாக உள்ள போர்ட்களுக்கு மாற்றலாம். அந்தப் போர்ட்டுக்கு உரிய விலான் கொடுத்த பிறகே மாற்றுங்கள். எதை எங்கே மாற்றினீர்கள் என்று ஒரு துண்டில் எழுதி ராக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். "மறுகா பாப்பம்" என்று எழுதாமல் விட்டதுதான் ஒரு மாதம் கழித்து யாருக்கும் விளங்காத கேபிளாகத் தொங்கும்.

பிஓஈ கணக்கையும் பாருங்கள். 715 வாட் பவர் சப்ளை ஒன்று மட்டும் உள்ள 48 போர்ட் 9300 பிஓஈக்குக் கொடுப்பது 437 வாட். 15.4 வாட் வீதம் 28 கருவி, 30 வாட் வீதம் 14 கருவி. அதற்கு மேல் செருகினால் கடைசியாக வந்தவை விளக்கேறாமல் நிற்கும். "ஷோ பவர் இன்லைன்" மிச்சத்தைக் காட்டும்.

இன்னொன்று: 2 செத்ததால் வளையம் அறுந்து, 1உம் 3உம் ஒரே ஒரு கேபிளில் தொங்குகின்றன. அதுவும் போனால் ஸ்டேக் இரண்டாகப் பிளந்து, இரண்டு பாதியும் ஒரே ஐபியோடு தனித்தனி ஆக்டிவாக நிற்கும். சாமான் வரத் தாமதம் என்றால், 2இல் செருகியிருந்த இரண்டு கேபிள்களையும் கழற்றி, அவற்றில் ஒன்றை 1இலும் 3இலும் காலியான ஸ்டேக் போர்ட்களில் செருகி வளையத்தைத் தற்காலிகமாக மூடிவிடலாம். 50 சென்ரிமீற்றர் கேபிள் எட்டாவிட்டால் 1 மீற்றர் கேபிள் வேண்டும்.

எந்தச் சுவிட்ச் வாங்குவது

அதே மொடல். "இதுவும் 9300தான்" என்று சொல்லி 9300எல் அனுப்பிவிடுவார்கள். அது 9300 ஸ்டேக்கில் சேராது. 9200உம் 9200எல்உம் ஒன்றோடொன்று சேராது. ஒரே வகைக்குள்ளேயும் 48 போர்ட் இருந்த இடத்துக்கு 24 போர்ட் போடக் கூடாது. இலக்கம் சரியாக இருந்து மொடல் மாறினால், ஸ்டேக் புதியதை ஏற்றுக்கொள்ளும், ஆனால் பழைய போர்ட் கொன்பிக்கைத் தூக்கிவிட்டு வெறும் இயல்புநிலையைப் போடும். பிழைச் செய்தி பெரிதாக வராது. போர்ட் எல்லாம் விலான் 1இல் கிடக்கும்.

9200, 2960எக்ஸ் போன்றவற்றில் ஸ்டேக் மொட்யூல் தனிச் சாமான். புதியதோடு அது வராது, செத்ததிலிருந்து கழற்றிப் போட வேண்டும். அப்லிங்க் மொட்யூல், எஸ்எப்பி (பைபர் கேபிள் செருகும் சிறு துண்டு), பவர் சப்ளை, ராக் காதுகள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பவர் வயரையும் எறியாதீர்கள். சில பவர் சப்ளைகளின் வாயில் ஒரு சிறு மேடு இருக்கும், சாதாரணக் கணினி வயர் அதில் ஏறாது.

மேசையில் செய்யும் வேலை

வேலையின் முக்கால்வாசி இங்கேதான். புதியதை ராக்குக்குப் பக்கத்திலும் கொண்டுபோகாமல், மேசையில் வைத்து, கொன்சோலை மட்டும் செருகிப் பவர் கொடுங்கள்.

முதலில் வேர்ஷன். "ஷோ வேர்ஷன்" அடித்து ஸ்டேக்கிலிருந்து எடுத்து வைத்ததோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். 17.9.4உம் 17.9.5உம் ஒன்றல்ல. அதே வெளியீட்டின் கடைசிப் பகுதியில் இன்ஸ்டோல் அல்லது பண்டில் என்று இருக்கும். ஸ்டேக் இன்ஸ்டோல் முறையில் ஓடினால் புதியதும் அப்படியே இருக்க வேண்டும். வேறுபட்டால், ஸ்டேக்கில் ஓடும் அதே இமேஜை எப்ஏடி32இல் போர்மட் செய்த யூஎஸ்பியில் போட்டு பிளாஷுக்குக் கொப்பி செய்து, "இன்ஸ்டோல் ஆட் பைல்" கட்டளையை ஆக்டிவேட், கொமிட் சேர்த்து ஒரே வரியாக ஓட்டுங்கள். இமேஜ் 1 ஜிபி அளவு வரும்; டிஎப்டிபியில் (நெட்வொர்க் வழியாக) இழுத்தால் தேநீர் குடித்துவிட்டு வந்தும் முடிந்திருக்காது. இது ஓடும்போது சுவிட்ச் தானே ரீபூட் ஆகும். அந்த நேரம் கரண்ட் போகாமலிருக்க யூபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள்.

வேர்ஷன் மாறினாலும் ஸ்டேக் தானாகச் சரிசெய்யும் வசதி உண்டு ("சொப்ட்வெயர் ஆட்டோ-அப்கிரேட் எனேபிள்"). இன்ஸ்டோல் முறையில் மட்டும் வேலை செய்யும். எங்கள் கருத்து: அது இருந்தாலும் மேசையிலே சமப்படுத்திவிடுவது நல்லது. ராக்குக்கு முன்னால் நின்று, பின்னால் மேலாளர் நிற்க, இமேஜ் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது சுகமான வேலையல்ல.

அடுத்து லைசன்ஸ். ஸ்டேக்கில் நெட்வொர்க் அட்வான்டேஜ் ஓடிப் புதியதில் நெட்வொர்க் எசென்ஷியல்ஸ் இருந்தால் இரண்டும் ஒட்டாது. "லைசன்ஸ் பூட் லெவல்" கட்டளையால் சமப்படுத்தி, சேமித்து, ரீலோட் செய்யுங்கள்.

பிறகு, முன்பு எங்கேயாவது ஓடிய சுவிட்ச் என்றால் (கொழும்பிலிருந்து வரும் மாற்றுச் சாமான் பல நேரம் அப்படித்தான்) "ரைட் இரேஸ்" அடித்து, பிளாஷில் உள்ள vlan.dat பைலையும் அழியுங்கள். இங்கே ஒரு நுட்பம்: ரைட் இரேஸ் அடித்தாலும் மெம்பர் இலக்கமும் பிரயோரிட்டியும் (ஆக்டிவ் தேர்தலில் முன்னுரிமை எண்) அழியாது. அவை வேறிடத்தில் இருக்கின்றன. பழைய வாழ்க்கையில் அது பிரயோரிட்டி 15 உள்ள ஆக்டிவாக இருந்திருந்தால், அந்த 15 இன்னும் அதன் தலையில்தான் இருக்கும். "ஷோ சுவிட்ச்" அடித்து அதன் இலக்கத்தைப் பார்த்து, அது 1 என்றால் "சுவிட்ச் 1 பிரயோரிட்டி 1" கொடுங்கள்; வேறு இலக்கமானால் முதல் 1க்குப் பதில் அந்த இலக்கம். அதன் பின் "சுவிட்ச் 1 ரிநம்பர் 2". இலக்கம் ரீலோட் ஆன பிறகே மாறும். 9300இல் இவை எக்ஸெக் நிலையிலும், 2960எக்ஸ், 3750இல் கொன்பிக் நிலையிலும் அடிக்கப்படும்.

இலக்கத்தை நாமே கொடுக்காவிட்டால் ஸ்டேக் தானாகக் கொடுக்கும், பெரும்பாலும் சரியாகவும் விழும். 4 என்று வந்துவிட்டால்தான் சிக்கல்: போர்ட் எல்லாம் 4/0 என்று வெறுமையாக வந்து நிற்கும், 2/0 கொன்பிக் ஆளில்லாமல் காத்திருக்கும்.

ரீலோட் ஆகி, இலக்கம் 2 என்று கண்ணால் பார்த்த பிறகு பவரை எடுங்கள். இனி ராக்கில் ஏறிக் கேபிள் எல்லாம் இறுகும் வரை இந்தச் சுவிட்சுக்குக் கரண்ட் கிடையாது.

ராக்கில்

நேரம் தெரிந்தெடுங்கள். முறையாகச் செய்தால் 1உம் 3உம் நிற்காது, என்றாலும் கை தவறும் நேரம் ஆட்கள் வேலையில் இல்லாதிருப்பது நல்லது. காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் வெள்ளி மதியம் ஜும்ஆ நேரம் கிடைக்கும். மற்ற இடங்களில் மாலை ஐந்துக்குப் பிறகு.

2ஆம் நம்பர் ஸ்குரூட்ரைவர், டோர்ச், லேபல் டேப், கொன்சோல் கேபிள், எம்6 ஆணியும் கேஜ் நட்டும் நாலு கூடுதலாக. 48 போர்ட் பெட்டி 7 கிலோவுக்கு மேல். தனியே தாங்கிக்கொண்டு ஆணி முறுக்க முடியாது, ஒருவரைக் கூட்டிப்போங்கள்.

முன்னும் பின்னும் படம் எடுங்கள். பிறகு ஒவ்வொரு பேட்ச் கேபிளுக்கும் போர்ட் இலக்கம் ஒட்டுங்கள். அரை மணி போகும், போகட்டும்.

எந்தப் பெட்டி 2 என்பதை ராக்கில் மேலிருந்து எண்ணித் தீர்மானிக்காதீர்கள். ஓடும் சுவிட்ச்களின் மோட் பட்டனை அழுத்தி ஸ்டேக் விளக்குக்கு வந்தால், அந்தச் சுவிட்சின் இலக்கமுள்ள போர்ட் விளக்கு மினுங்கும். 1 எது, 3 எது என்று தெரிந்தால் மிஞ்சியதுதான் 2.

அதன் பின் வரிசை இது:

1. செத்ததின் பவர் வயரை எடுங்கள்.

2. அதன் பின்பக்கத்து இரண்டு ஸ்டேக் கேபிள்களை, அதன் பக்க முனையில் மட்டும், கழற்றுங்கள். 1இலிருந்து 3க்குப் போகும் நீளக் கேபிளில் கை படக் கூடாது. இந்த வேலையில் அதிகம் நடக்கும் விபத்து இதுதான். அதைக் கழற்றினால் ஸ்டேக் பிளக்கும். பதறித் திருப்பிச் செருகினாலோ, இரண்டு ஆக்டிவும் மோதி, தோற்ற பாதி முழுதாக ரீலோட் ஆகும். நன்றாக ஓடிய மாடியும் போய்விடும். கைவைக்கும் முன் அந்தக் கேபிளில் சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள். வளையத்தைத் தற்காலிகமாக மூடியிருந்தால், நீங்கள் போட்ட கேபிளைத்தான் கழற்ற வேண்டும், இருந்ததை அல்ல.

3. ஸ்டேக்பவர் கேபிள் (சுவிட்ச்கள் பவரைப் பகிரும் கேபிள்) இருந்தால் அதையும், எர்த் வயரையும், பேட்ச் கேபிள்களையும் எடுத்துப் பெட்டியை வெளியே இழுங்கள். அப்லிங்க் மொட்யூல், பவர் சப்ளைகளைப் புதியதுக்கு மாற்றுங்கள்.

4. புதியதை ஏற்றி, எர்த் வயரை முதலில் பூட்டுங்கள். லக் கறுத்தோ பச்சையாகவோ இருந்தால் சுரண்டித் துடைத்துவிட்டுப் பூட்டுங்கள்.

5. ஸ்டேக் கேபிள்களை, படத்தில் இருந்தபடி, நேராகச் செருகி இரண்டு பக்கத் திருகையும் விரலால் முறுக்குங்கள். ஒரு பக்கத் திருகு மட்டும் இறுகினால் கனெக்டர் சரிந்து நிற்கும். லிங்க் வந்து வந்து போகும்.

6. பேட்ச் கேபிளும் அப்லிங்கும் இன்னும் வேண்டாம். ஸ்டேக் லிங்க் வராமல் அது தனிச் சுவிட்சாகப் பூட் ஆனால், கொன்பிக் இல்லாத வெறும் சுவிட்ச் ஒன்று உங்கள் நெட்வொர்க்கில் 48 கேபிளோடு நிற்கும்.

7. இப்போது பவர்.

பவர் கொடுத்தபின் செருகினால் என்னவென்று கேட்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும் சுவிட்சை ஓடும் ஸ்டேக்கில் சேர்ப்பது, இரண்டு ஸ்டேக்கை இணைப்பதற்குச் சமம். ஆக்டிவ் தேர்தல் நடக்கும், தோற்றவர் ரீலோட் ஆவார். தோற்பது உங்கள் பழைய ஸ்டேக்காகவும் இருக்கலாம். பவர் இல்லாமல் செருகி, பிறகு ஏற்றினால், ஏற்கெனவே ஓர் ஆக்டிவ் இருப்பதைக் கண்டு புதியது அமைதியாக மெம்பராகிவிடும்.

நம் ஊருக்கென்று ஓர் எச்சரிக்கை. வேலை நடுவில் கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் கைவிட்டு ஸ்டேக் முழுதும் நின்றால், முதலில் புதிய சுவிட்சின் வயரைப் பிடுங்குங்கள். கரண்ட் திரும்ப வரும்போது மூன்றும் ஒன்றாக எழுந்தால், 120 செக்கனுக்குள் எழுந்தவை எல்லாம் தேர்தலில் நிற்கும். பிரயோரிட்டி கூடியது வெல்லும். எல்லாம் சமமாக 1இல் இருந்தால் மெக் முகவரி குறைந்தது வெல்லும். வென்றது வெறும் கொன்பிக் உள்ள புதியதாக இருந்தால் ஸ்டேக் முழுதும் வெறுமையாக எழும். 1ஐயும் 3ஐயும் எழவிட்டு, அவை நிலைத்த பிறகு புதியதை ஏற்றுங்கள்.

ஏற்றிய பின்

5 முதல் 10 நிமிடம் பொறுங்கள். ஆக்டிவின் கொன்சோலில் "ஷோ சுவிட்ச்" அடித்துக்கொண்டிருந்தால் 2இன் நிலை மாறி ரெடிக்கு வரும். வி-மிஸ்மேட்ச் என்று நின்றால் வேர்ஷன் பிழை; ஆக்டிவிலிருந்து "இன்ஸ்டோல் ஆட்டோஅப்கிரேட்" ஓட்டுங்கள். அது முடியுமட்டும் பவரைத் தொடாதீர்கள். இலக்கம் பிழைத்திருந்தால் ரிநம்பர் கொடுத்து, "ரீலோட் ஸ்லொட்" என்று அந்த ஒன்றை மட்டும் ரீலோட் செய்யுங்கள். ஸ்லொட் இலக்கம் இல்லாமல் ரீலோட் அடித்தால் முழு ஸ்டேக்கும் போகும்.

ரெடி வந்ததும் "ஷோ சுவிட்ச் ஸ்டேக்-போர்ட்ஸ் சமரி". ஆறு போர்ட்டும் ஓகே ஆக இருக்க வேண்டும், அயல் இலக்கங்கள் படத்தோடு ஒத்துப்போக வேண்டும். கடைசிப் பக்கம் லிங்க் எத்தனை தடவை மாறியது என்று ஒரு எண்ணிக்கை இருக்கும். இரண்டு நிமிடம் விட்டு மீண்டும் அடியுங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் அந்தக் கேபிள் சரியாக இறுகவில்லை, அல்லது கேபிளே பழுது.

இனிப் பேட்ச் கேபிள்கள், லேபலின்படி. கடைசியாக அப்லிங்க். "ஷோ ஈதர்சேனல் சமரி"யில் 2/1/1இன் பக்கத்தில் பெரிய பி வந்தால் அது கட்டோடு சேர்ந்துவிட்டது. சின்ன எஸ் என்றால் எதிர்முனையோடு ஏதோ ஒத்துப்போகவில்லை. "ஷோ இன்டர்பேஸ் ஸ்டேட்டஸ்", "ஷோ பவர் இன்லைன்" இரண்டையும் முதலில் சேமித்த கொன்பிக்கோடு ஒப்பிடுங்கள். தற்காலிகமாக 1க்கும் 3க்கும் மாற்றியவற்றைக் கதவில் ஒட்டிய துண்டைப் பார்த்துத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

"சுவிட்ச் 2 பிரயோரிட்டி 14" இப்போது கொடுங்கள். 1இல் 15 இல்லையென்றால் அதையும். இதனால் உடனே தேர்தல் நடக்காது. அடுத்த முறை கரண்ட் போய் வரும்போது இது உதவும். அடுத்த ரீலோட் வரை 3 ஸ்டாண்ட்பையாக நிற்கலாம், அது பிழையல்ல. பிறகு "ரைட் மெமரி", பேக்கப் ஒரு பிரதி.

பழைய பெட்டியில் உங்கள் பாஸ்வேர்டுகள் இன்னும் இருக்கின்றன. பூட் ஆகாததால் அழிக்க முடியாது. திருப்பி அனுப்பப் போகிறீர்கள் என்றால் எஸ்என்எம்பி சொல்லையும் (கண்காணிப்பு மென்பொருள் சுவிட்சை அணுகும் ரகசியச் சொல்) லோக்கல் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். செத்தது ஆக்டிவாக இருந்த சுவிட்ச் என்றால் இன்னொன்றும் உண்டு: 9300 ஸ்டேக் அந்தப் பெட்டியின் மெக் முகவரியையே தன் முகவரியாகத் தொடர்ந்து வைத்திருப்பது இயல்புநிலை. பழுது பார்த்து வந்த அதே பெட்டியை அதே நெட்வொர்க்கில் வேறிடத்தில் தனியாகப் போட்டால் ஒரே மெக் இரண்டு இடத்தில் தெரியும். திருத்தி வந்தால் அதே ஸ்டேக்குக்கு ஸ்பெயராக, வேர்ஷன் சமப்படுத்தி, இலக்கம் எழுதிய லேபலோடு அலுமாரியில் வையுங்கள்.